பூட்டு திறந்த மென்பொருள்கள்: சாவி யார் கையில்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு சிலிகி சாலைப் பக்கமாகச் சற்று நடந்தால் லசால் கலைக் கல்லூரியின் கட்டடம் கண்ணில் படும். 2007ஆம் ஆண்டு முதல் அக்கல்லூரி மெக்நெலி ஸ்திரீட்டில் இயங்கி வருகிறது. இந்தப் பக்கம் பூச்சரமும் வாழையிலையும் விற்கும் கடைகள். அந்தப் பக்கம், வரைந்த படங்களுக்கு உயிர் கொடுக்கும் அசைவூட்டக் கலையைக் கற்பிக்கும் வகுப்பறைகள்.

அந்தப் படிப்பில் சேரவேண்டும் என்று பிள்ளை சொன்னதும் பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. படித்து முடித்தால் வேலை நிலைக்குமா என்பது ஒன்று. படிப்புக்கு வேண்டிய மென்பொருளை வாங்கிக் கட்டுப்படியாகுமா என்பது மற்றொன்று.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாவது கேள்விக்கு மனநிறைவான பதில் இல்லை. தொழில்முறை மென்பொருளின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி. வாங்க முடியாதவர்கள் கல்லூரிக் கணினி அறை பூட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்; சிலர் களவுப் பிரதிகளை நாடினார்கள். இன்று நிலைமை வேறு. ஸ்டுடியோக்கள் தங்கள் சொந்த வேலைக்காகச் செய்து வைத்திருந்த மென்பொருள்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. அது எப்படி நடந்தது, ஏன் நடந்தது, சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன் என்பதே இந்த உரையின் பொருள்.

கைவேலையின் கணக்கு

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600 படங்கள். ஒரே ஓவியத்தை இரண்டிரண்டு முறை காட்டிச் சமாளித்தாலும், அசையும் ஓர் உருவத்துக்கு மட்டும் 64,800 ஓவியங்கள் வேண்டியிருக்கும்.

அக்காலத்தில் ஒவ்வோர் ஓவியத்தையும் காகிதத்தில் வரைந்து, அதைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் படியெடுத்து, தாளின் பின்புறத்தில் வண்ணம் தீட்டி, காய வைத்து, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். கதாநாயகியின் பாவாடை நிறம் சரியில்லை என்று இயக்குநர் கடைசி நேரத்தில் சொல்லிவிட்டால், அந்தக் காட்சியின் தாள்கள் அத்தனையையும் மறுபடி தீட்டவேண்டும்.

இந்தச் சிரமத்தைக் குறைக்கும் கணினிக் கருவி அன்று கடையில் கிடைக்கவில்லை. நல்ல தச்சர் தம் கைக்கு ஏற்ற உளியைத் தாமே தீட்டி வைத்துக்கொள்வதுபோல், வசதி படைத்த ஸ்டுடியோக்கள் தங்களுக்கு வேண்டிய மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொண்டன. போட்டியாளர் கையில் அது சிக்கிவிடக் கூடாது என்று பூட்டியும் வைத்தன.

பூட்டுக்குள்ளேயே முடிந்துபோன கேப்ஸ்

அவற்றில் பெயர் பெற்றது டிஸ்னியின் கேப்ஸ். பிக்சார் நிறுவனத்தின் துணையோடு 1980களின் பிற்பகுதியில் உருவானது. காகிதத்தில் வரைந்த ஓவியங்களைக் கணினிக்குள் ஏற்றி, அங்கேயே வண்ணம் தீட்டி, அடுக்கடுக்காகச் சேர்த்துப் படமாக்கும் ஏற்பாடு அது. 1990இல் வெளிவந்த ‘தி ரெஸ்கியூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுக்க முழுக்க அதில் தயாரானது. ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’, ‘தி லயன் கிங்’ போன்ற படங்களும் அதன் வழியாகவே திரைக்கு வந்தன. ஆஸ்கார் விருதுக் கழகம் அதற்குத் தொழில்நுட்ப விருதும் அளித்தது.

ஆனால் கேப்ஸ் ஒருபோதும் அந்த நிறுவனத்துக்கு வெளியே வரவில்லை. 2000களில் டிஸ்னி கையால் வரையும் படங்களைக் குறைத்துக்கொண்டது. கேப்ஸ் ஓய்வு பெற்றது. பிறகு 2009இல் வெளிவந்த ‘தி பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்’ படத்துக்காக மீண்டும் கையால் வரைய முடிவெடுத்தபோது, கேப்ஸ் உயிருடன் இல்லை. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று யாவருக்கும் விற்பனை செய்யும் ஹார்மனி என்ற மென்பொருளைத்தான் டிஸ்னி பயன்படுத்தவேண்டி வந்தது. தன் வீட்டுக் கிணற்றை மூடியவர் குழாய்த் தண்ணீருக்குப் போனதுபோல் ஆயிற்று.

கேப்ஸ் மோசமான கருவி அன்று. தன்னை வளர்க்க வெளியே ஒருவரும் இல்லாத கருவி. அதை இயக்கத் தெரிந்தவர்கள் ஒரே கட்டடத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் கலைந்ததும் கருவியும் கலைந்தது.

ஜிப்லியின் கருவி வெளியே வந்த நாள்

இதற்கு நேர்மாறானது டூன்ஸ் என்ற மென்பொருளின் கதை. அது பிறந்தது இத்தாலியில், டிஜிட்டல் வீடியோ என்ற நிறுவனத்தில். ஜப்பானின் புகழ்பெற்ற ஸ்டுடியோ ஜிப்லி 1995இல் அதைத் தேர்ந்தெடுத்தது. ஹயாவோ மியாசாக்கி இயக்கிய ‘பிரின்சஸ் மோனோனோகே’ 1997இல் வெளிவந்தபோது அதன் சில காட்சிகள் டூன்ஸ் மூலம் வண்ணம் பெற்றிருந்தன. தொடர்ந்து, ஆஸ்கார் விருது வென்ற ‘ஸ்பிரிட்டட் அவே’ உட்பட ஜிப்லியின் படங்களில் அது பங்கு பெற்றது. ஜிப்லியின் ஓவியர்கள் கேட்டுக்கொண்டபடி பல வசதிகள் சேர்க்கப்பட்டு, அந்த ஸ்டுடியோவுக்கென்றே தனிப் பதிப்பு ஒன்று உருவாயிற்று.

டூன்ஸின் தனிச்சிறப்பு வண்ணங்களை அது கையாளும் விதம். ஓவியத்தின் ஒவ்வொரு பகுதியிலும் நிறத்தை அப்படியே பூசிவிடாமல், வண்ணப் பலகையில் அந்த நிறம் இருக்கும் எண்ணை மட்டும் அது குறித்துக்கொள்கிறது. பலகையில் ஓரிடத்தில் நிறத்தை மாற்றினால் போதும். அந்தப் பாவாடை வரும் எல்லா ஓவியங்களிலும் நிறம் மாறிவிடும். ஒரு வாரப் பணி ஒரு நிமிடப் பணியாகிவிடுகிறது. மென்பொருளுக்குள் இருப்பது மந்திரமல்ல. இப்படிப் பல்லாண்டு பட்டறிவில் கண்டுபிடித்த சின்னச் சின்ன யுக்திகள்தாம்.

2016 மார்ச் மாதம் ஜப்பானின் ட்வாங்கோ நிறுவனம் டூன்ஸை வாங்கியது. வாங்கிய கையோடு, மார்ச் 26ஆம் தேதி, ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் அதன் மூல நிரலோடு சேர்த்து இலவசமாக வெளியிட்டது. ஜிப்லிக்கென்று செய்யப்பட்ட வசதிகளும் அதில் அடங்கும். முதல் நாள்வரை ஒரு சில ஸ்டுடியோக்களின் மேசையில் மட்டும் இருந்த கருவி, மறுநாள் ஈசூன் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மாணவியின் மடிக்கணினிக்கும் மதுரையில் இருக்கும் ஓவியரின் கணினிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு செய்த படத்தை விற்றுச் சம்பாதிக்கவும் தடை இல்லை. ஜிப்லியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய ஸ்டுடியோ பொனோக் 2017இல் வெளியிட்ட முதல் முழுநீளப் படத்துக்கு ஓப்பன்டூன்ஸைப் பயன்படுத்தியது குறிப்பிடத்தக்கது.

கடை மூடியபின் பிழைத்த கருவிகள்

நல்ல நிலையில் இருக்கும் நிறுவனங்கள் கொடுப்பது ஒருபுறம். நொடித்துப்போன நிறுவனங்களின் கருவிகள் பிழைத்த கதைகளும் உண்டு.

நெதர்லாந்தில் நியோஜியோ என்ற அசைவூட்ட ஸ்டுடியோ இருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான டோன் ரோசன்டால் ஸ்டுடியோவின் உள்வேலைக்காக 1990களில் ஒரு மென்பொருள் எழுதினார். அதுவே இன்று உலகம் அறிந்த பிளெண்டர். பின்னர் அதை வளர்ப்பதற்கென்று அவர் தொடங்கிய நிறுவனம் 2002இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. உரிமை முதலீட்டாளர்களிடம் இருந்தது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலைப் பொதுவாக்கச் சம்மதிப்பதாக அவர்கள் சொன்னார்கள்.

பயனாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயில் திருப்பணிக்கு நன்கொடை திரட்டுவதுபோல் ஆளுக்குக் கொஞ்சமாகத் திரட்டினார்கள். ஏழே வாரத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13ஆம் தேதி பிளெண்டர் பொதுச் சொத்துபோல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது.

அமெரிக்காவில் வோரியா ஸ்டுடியோஸ் என்ற சிறு நிறுவனம் சின்ஃபிக் என்ற மென்பொருளைத் தன் பயன்பாட்டுக்கு உருவாக்கியது. ஸ்டுடியோ நீடிக்கவில்லை. அதை எழுதிய ராபர்ட் குவாட்டில்பாம் 2005இல் மூல நிரலைப் பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டார். ஸ்டுடியோவின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. சின்ஃபிக்கை மட்டும் மாணவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கேப்ஸையும் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெரும் பணமும் புகழும் கொண்ட நிறுவனத்தின் கருவி மறைந்துவிட்டது. கதவடைத்த சிறு நிறுவனங்களின் கருவிகள் வாழ்கின்றன. திறந்து வைத்ததா, பூட்டி வைத்ததா என்பதே வேறுபாடு.

பெரியவர்கள் கொடுப்பது எதற்கு?

வியாபாரம் செய்பவர்கள் காரணமில்லாமல் எதையும் கொடுப்பார்களா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஸ்டார் வார்ஸ் படங்களின் காட்சி வித்தைகளைச் செய்த ஐஎல்எம் நிறுவனம், படங்களைச் சேமிக்கும் ஓப்பன்ஈஎக்ஸ்ஆர் என்ற முறையை 2003இல் வெளியிட்டது. பிக்சார் நிறுவனம் 2016இல் யுஎஸ்டி என்ற முறையைத் திறந்துவிட்டது. டிரீம்வொர்க்ஸ், தன் படங்களுக்கு ஒளியும் நிழலும் கணக்கிடும் மூன்ரே என்ற மென்பொருளை 2023 மார்ச்சில் வெளியிட்டது. ‘ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்’ வரிசையின் மூன்றாம் படம் மூன்ரேயில் தயாரானது.

இதன் காரணத்தைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்வார்கள். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த கட்டுரை இன்னொரு கணினியில் திறந்தால் புள்ளியும் கோடுமாக நிற்கும். கட்டுரையை அனுப்புபவர் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பவேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி, கணினித் தமிழுக்குச் சிங்கப்பூர் அளித்த முன்னோடி. பொதுவான முறைக்காக உலகத் தமிழர் பலரும் பாடுபட்டதன் பலனும், யுனிகோட் பரவியதன் பலனுமாக, இன்று தேக்காவில் கைப்பேசியில் தட்டும் தமிழ் டொராண்டோவில் பிசகாமல் தெரிகிறது.

அசைவூட்டத் துறையிலும் இதே சங்கடம்தான். ஒரு படத்தின் பணி ஒரே ஊரில் நடப்பதில்லை. உருவம் ஓரிடத்தில், அசைவு இன்னோரிடத்தில், ஒளியமைப்பு வேறோரிடத்தில். ஒருவர் செய்ததை அடுத்தவர் திறக்க முடியவில்லை என்றால் நேரமும் பணமும் வீண். பொதுவான முறை ஒன்றை எல்லாரும் ஏற்றுக்கொண்டால் கொடுத்தவருக்கும் லாபம். அதோடு, பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்த உலகெங்கும் ஆள் கிடைக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர் கருவியை முன்பே பழகி வருகிறார்.

ஆக, இது தருமமும் இல்லை, தந்திரமும் இல்லை. அண்டை வீட்டாரோடு சேர்ந்து பொதுவழி போடுவது போன்றது. போட்டவருக்கு வழி கிடைக்கிறது; போகிற வருகிறவர்களுக்கும் கிடைக்கிறது.

அதே சமயம், எதைக் கொடுக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். கதை, கதாபாத்திரம், பல்லாண்டு அனுபவம் பெற்ற கலைஞர்கள் ஆகியவை அந்த நிறுவனங்களிடமே இருக்கின்றன. வாணலியைக் கொடுத்தார்கள், கைப்பக்குவத்தைக் கொடுக்க முடியாது.

சேண்ட்கிராலர் சொன்ன பாடம்

சிங்கப்பூருக்கு இது வெறும் வெளியூர்ச் செய்தி அன்று. 2000களின் நடுப்பகுதியில் லூகாஸ்ஃபிலிம் இங்கே ஸ்டுடியோ அமைத்தது. ‘ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்’ தொடருக்கான பணி இங்கு நடந்தது. உலகப் புகழ் பெற்ற படங்களின் காட்சி வித்தைகளில் இங்கிருந்த கலைஞர்கள் பங்கு பெற்றார்கள். 2014 ஜனவரியில் ஒன்-நார்த் வட்டாரத்தில் சேண்ட்கிராலர் என்ற கட்டடம் திறக்கப்பட்டது. ஸ்டார் வார்ஸ் படத்தில் பாலைவனத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியின் சாயலில் அமைந்த கட்டடம் அது. அதைக் காட்டி, “பார், அங்கே வேலை கிடைக்கும்” என்று பிள்ளைகளுக்குச் சொன்ன பெற்றோர் உண்டு.

2023 ஆகஸ்டில் அந்த ஸ்டுடியோவை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 300க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

பெரிய ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர் அங்குள்ள சொந்த மென்பொருளில் கை தேர்ந்தவராகிறார். ஐஎல்எம் நிறுவனத்துக்கும் ஸீனோ என்ற உள்மென்பொருள் உண்டு. அது வெளியே கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட கருவியில் பத்தாண்டு பழகியவர் வேலையை விட்டு வரும் நாளில், நுழைவு அட்டையோடு கருவியையும் வாசலிலேயே ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். கண்ணும் கையும் கற்றது அவரோடு வரும். ஆனால் மறுநாள் காலை வீட்டு மேசையில் உட்கார்ந்து வேலை தொடங்கக் கருவி இருக்காது. திறந்த கருவியையும் சேர்த்துப் பழகியவருக்கு அந்த நிலை இல்லை.

வெளிநாட்டு நிறுவனங்கள் வருவதும் போவதும் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. வருவதை வரவேற்கவேண்டும், போவதைத் தடுக்க ஊழியரால் முடியாது. நிறுவனம் போனபின்னும் தங்கக்கூடிய ஒரு கருவி கையில் இருக்கிறதா என்பதை மட்டும் ஊழியர் பார்த்துக்கொள்ளலாம். வேலை நிலைக்குமா என்ற பெற்றோரின் முதல் கேள்விக்கு முழுப் பதில் இது இல்லை. ஆனால் பதிலின் ஒரு பகுதி.

எல்லா இலவசமும் ஒன்றல்ல

இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் மயங்கிவிடக் கூடாது. அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, கற்றுக்கொள்ள மட்டும் இலவசம். பிக்சாரின் ரெண்டர்மேன் மென்பொருளை 2015 முதல் வருமானம் கருதாத பணிகளுக்குக் கட்டணமின்றிப் பெறலாம். அதைக் கொண்டு சம்பாதிக்க வேண்டுமானால் உரிமம் வாங்கவேண்டும். நிரலைப் பார்க்கவோ மாற்றவோ அனுமதி இல்லை.

இரண்டாம் வகை, பயன்படுத்தலாம், சம்பாதிக்கலாம், நிரலையும் மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. ஓப்பன்டூன்ஸ், மூன்ரே ஆகியவை இவ்வகை.

மூன்றாம் வகை, எல்லாம் செய்யலாம். ஆனால் மென்பொருளை மாற்றிப் பிறருக்கு வழங்கினால், மாற்றிய நிரலையும் சேர்த்தே வழங்கவேண்டும். வாங்கியதுபோல் கொடு என்பது விதி. பிளெண்டர் இவ்வகை. இதனால் பலருக்கு ஓர் அச்சம் வருகிறது: பிளெண்டரில் செய்த படத்தையும் இலவசமாகக் கொடுக்கவேண்டுமோ? வேண்டாம். விதி மென்பொருளுக்குத்தான். படம் அதைச் செய்தவருக்கே சொந்தம்.

பதிவிறக்கம் செய்யும் முன்பு பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து, உரிமம் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் தலைவலி மிச்சம்.

மறுபக்கமும் உண்டு

இதைக் கேட்பவர்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் பார்க்கவேண்டும்.

வேலை விளம்பரங்களில் இன்னும் மாயா, ஹார்மனி போன்ற விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களின் பெயர்கள்தாமே வருகின்றன என்பார்கள். உண்மை. கல்லூரியில் அவற்றையும் கற்கத்தான் வேண்டும். ஆனால் அசைவின் கனம், நேரக் கணக்கு, ஒளியின் போக்கு ஆகியவை எந்த மென்பொருளிலும் ஒன்றே. ஒரு பேருந்தை ஓட்டக் கற்றவர் இன்னொன்றை ஓட்டச் சில நாள் பழகினால் போதும்.

இலவசக் கருவியில் செய்த படம் தரத்தில் குறைந்துதானே இருக்கும் என்பார்கள். அதற்குப் பதில் 2025 மார்ச்சில் கிடைத்தது. லாட்வியா என்ற சிறிய நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’, சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது. வசனமே இல்லாத அந்தப் படம் பிளெண்டரில் உருவானது. செலவு சுமார் 35 லட்சம் யூரோ. பிக்சார், டிரீம்வொர்க்ஸ் படங்களும் அந்த ஆண்டு போட்டியில் இருந்தன. லாட்வியா வென்ற முதல் ஆஸ்கார் அது. சிங்கப்பூரைவிட மக்கள்தொகை குறைந்த நாடு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. திறந்துவிட்டால் மட்டும் கருவி வாழ்ந்துவிடாது. கணினிகள் மாறுகின்றன, இயங்குதளங்கள் மாறுகின்றன. திருத்துவதற்கு ஆள் இல்லையென்றால் திறந்த நிரலும் துருப்பிடிக்கும். பிளெண்டர் தழைத்ததற்குக் காரணம், அதைப் பேணுவதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்ததும் நன்கொடையும் ஆதரவும் தொடர்ந்து வந்ததும்தான். 2018இல் ஆஸ்கார் விருதுக் கழகமும் லினக்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து இத்தகைய திரைத்துறை மென்பொருள்களைப் பராமரிக்கத் தனி அமைப்பைத் தொடங்கின. பூட்டைத் திறப்பது ஒரு நாள் வேலை. கூட்டிப் பெருக்குவது தினசரி வேலை.

இங்கிருந்து என்ன செய்யலாம்?

கருவி வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்களும் அமைப்புகளும் அதை என்ன செய்யப்போகின்றன என்பதே மீதமுள்ள கேள்வி.

பெற்றோர் முதலில் செய்யக்கூடியது, விலையுயர்ந்த மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன்பு ஒரு பள்ளி விடுமுறையைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்ப்பது. வீட்டில் இருக்கும் கணினியில் ஓப்பன்டூன்ஸோ பிளெண்டரோ போட்டு, பத்து விநாடிக்கு ஒரு பந்து துள்ளும் காட்சியைச் செய்யச் சொல்லலாம். பத்து விநாடிக்கு 240 படங்கள். அதை முடிக்கும் பொறுமை பிள்ளைக்கு இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பந்து உயிரோடு துள்ளவில்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம் என்ற பழமொழி இங்கே பொருந்தும்.

தமிழ்ப் பள்ளிகளும் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிக் குழுக்களும் செய்யக்கூடியது இன்னும் ஒன்று. ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி நடக்கின்றன. அவற்றோடு ஒரு நிமிட அசைவூட்டப் படப் போட்டியையும் சேர்க்கலாம். மென்பொருள் செலவு இல்லாததால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்பார்கள். பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடந்த கதையைத் தாத்தா பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை வரைந்து அசைய வைத்தால், வீட்டில் தமிழ் பேசுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். பாட்டி எந்தத் தொனியில் சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சீடர்களின் முகபாவனையை வரைய முடியாதே.

மூன்றாவது, தமிழில் வழிகாட்டி. இந்த மென்பொருள்களைக் கற்பிக்கும் நல்ல பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒருவர் கற்றதைத் தமிழில் எளிய நடையில் எழுதி வைத்தால் இங்குள்ளவர்களுக்கு மட்டுமின்றி, தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கும் மாணவர்களுக்கும் உதவும். கணினியில் தமிழ் ஏறியதற்கு, ஓய்வு நேரத்தில் உழைத்துத் தாங்கள் செய்ததை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்ட தமிழர்கள் பெருங்காரணம். அந்தப் பழக்கம் இந்தச் சமூகத்துக்குப் புதிதல்ல.

பூட்டு திறந்திருக்கிறது. சேண்ட்கிராலர் போன்ற கட்டடங்கள் இன்னொரு முறை எழலாம், இன்னொரு முறை மூடப்படலாம். ஈசூன் வீட்டு மடிக்கணினியில் அந்த மாணவி பதிவிறக்கிய கருவியை அவளிடமிருந்து யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. அவள் அதில் முதல் 240 படங்களை வரைவதற்கு வீட்டில் ஒரு மேசையும், “படித்தது போதும், இதைக் கொஞ்ச நேரம் செய்” என்று சொல்லும் ஒரு குரலும் தேவை. அவ்விரண்டும் வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.